கதவை மூடிவிட்டுப் போன நரி

காடு ஊரைப் பார்த்துக்கொண்டும் ஊர் காட்டைப் பார்த்துக்கொண்டும் இருந்த அந்தப் பழைய காலத்தில் நடந்தது இது. கேட்க வந்தவர்கள் காலை மடக்கி நன்றாக உட்காருங்கள். இது ஒரு கோபக்காரியின் கதை. பாதியில் எழுந்து போனால் அவளுக்குப் பிடிக்காது.

ஈச்சம்பள்ளம் என்று ஓர் ஊர். ஊருக்கு மேற்கே உசிலையும் வாகையும் ஈச்சம்புதரும் அடர்ந்த ஒரு காடு. அந்தக் காட்டின் ஓரத்தில், மரங்களுக்கு நடுவிலேயே ஒரு குடிசை. அதில் பாவாயி என்பவளும் அவள் புருஷன் நல்லானும் குடியிருந்தார்கள். நல்லான் காட்டில் தேன் எடுப்பான், ஈச்ச ஓலையில் பாய் முடைவான். பாவாயி கோழி வளர்த்தாள்.

நல்லானுக்குக் கோபம் என்பதே வராது. காலில் கல் தடுக்கினால் கல்லுக்கு வலித்திருக்குமோ என்று பார்க்கிற மனிதன். அவனுக்கும் சேர்த்துப் பாவாயி கோபப்பட்டாள். மழை தள்ளிப்போனால் வானத்தைத் திட்டுவாள். அடுப்பு புகைந்தால் விறகைத் திட்டுவாள். ஊரில் எல்லோரும் அவளுக்குப் பயந்தார்கள், பயந்துகொண்டே அவளிடம் முட்டையும் வாங்கினார்கள்.

காட்டு நிலத்தில் கோழி வளர்ப்பது லேசான காரியமா? மரத்துக்கு மரம் ஒரு வாய் திறந்திருக்கும். பாவாயி மூங்கிலை வெட்டி நட்டு, மேலே ஓலை வேய்ந்து, ஆள் உயரத்துக்கு ஒரு கூண்டு கட்டினாள். பகலில் கோழிகள் உலவ முன்னால் ஒரு பட்டியும் அடைத்தாள். அடைத்துவிட்டு, "இனி எவன் வருவான் பார்க்கிறேன்" என்றாள்.

நரி வந்தது. வேலியைத் தாண்டவில்லை, உடைக்கவில்லை. வேலிக்கு அடியில் மண்ணைப் பறித்துக்கொண்டு உள்ளே போனது. விடிந்து பார்த்தால் சிறகுதான் கிடந்தது.

பாவாயி கத்திய கத்தலில் காக்கைகள் மரத்தை விட்டுக் கிளம்பின. அந்தச் சத்தம் கேட்டு ஊர்க்காவல்காரன் வீரணன் வந்தான். நல்ல உயரம், தோளில் தடி, கையில் காப்பு. பள்ளத்தைக் குனிந்து பார்த்தான். தலையை ஆட்டினான்.

"காடு இருக்கிற வரைக்கும் இப்படித்தான் தங்கச்சி" என்றான்.

பாவாயி கல் சுமந்தாள். கூண்டின் அடியில் கல்லைப் பரப்பினாள். ஒவ்வொரு கல்லையும் நரியின் தலையில் போடுவதாக நினைத்துப் போட்டாள். நரியை நினைத்துக் கட்டியதால் அது நரிக்கு மட்டுமே கட்டியதாக ஆயிற்று.

அடுத்து வந்தது மரநாய். கூண்டின் மேல் ஒரு வாகைக் கிளை சாய்ந்திருந்தது. மரநாய் கிளை வழியே நடந்து வந்து, ஓலையைப் பிய்த்து உள்ளே இறங்கி, கழுத்துகளைக் கடித்துப் போட்டுவிட்டு வந்த வழியே போனது. தின்றது கொஞ்சம், கொன்றது நிறைய.

"ஏனுங்க, உங்களுக்குக் கோபமே வராதா?" என்று பாவாயி புருஷனிடம் சீறினாள்.

"அதுக்கும் பசிக்குமில்ல" என்றான் நல்லான்.

அன்று அவனுக்குச் சோறு கிடைக்கவில்லை. வீரணன் வந்தான், அண்ணாந்து பார்த்தான், தலையை ஆட்டினான். "காடு இருக்கிற வரைக்கும் இப்படித்தான் தங்கச்சி" என்றான்.

பாவாயி அந்தக் கிளையை வெட்டினாள். ஓலைக்குப் பதில் பலகையைப் போட்டு மேலே களிமண்ணைப் பூசினாள். மரநாயை நினைத்துப் பூசினாள்.

மூன்றாவதாக வந்தது பருந்து. பட்டப்பகலில், கோழிகள் பட்டியில் மேய்ந்துகொண்டிருந்தபோது, அவள் கண் முன்னால் வந்தது. குஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்தது. தாய்க்கோழி கொத்தப் போனது, அதையும் எடுத்தது. பாவாயி விளக்குமாற்றை வானத்தை நோக்கி வீசினாள். விளக்குமாறு அவள் தலையிலேயே விழுந்தது.

வீரணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு அதே வார்த்தையைச் சொன்னான். காடு இருக்கிற வரைக்கும் இப்படித்தான்.

அவன் போன பிறகு பாவாயி வெறும் மண்ணில் உட்கார்ந்தாள். கோபத்தில் உடம்பு நடுங்கியது. முதலில் நரியின் மேல் கோபம், பிறகு மரநாயின் மேல், பிறகு பருந்தின் மேல். இப்போது கடைசியாகத் தன் மேலேயே கோபம் வந்தது. "ஒருத்தன் வந்துபோன வழியை அடைச்சுட்டு, அடுத்தவனுக்கு வழி விட்டு வச்சிருக்கேனே" என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள்.

பிறகு அவள் செய்த காரியத்தைப் பார்த்து நல்லானே பயந்துபோனான். பாவாயி வயிறு தரையில் ஒட்ட கூண்டைச் சுற்றி ஊர்ந்தாள். விரல் நுழைகிற இடத்திலெல்லாம் விரலை விட்டாள். மரத்தில் ஏறி, கிளையில் படுத்துக்கொண்டு கூண்டைப் பார்த்தாள். பட்டியின் நடுவே மல்லாந்து கிடந்து வானத்தைப் பார்த்தாள். தன் கோழியைத் தானே திருட என்னென்ன வழி உண்டோ அத்தனையும் தேடினாள்.

தேடி முடித்ததும் பழைய கூண்டைப் பிரித்துப் போட்டாள்.

சுற்றிலும் முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டி, அதில் தட்டையான கற்களை வெளிப்பக்கம் சாய்த்து இறக்கினாள். எந்த இடத்தில் தோண்டினாலும் நகம் கல்லில்தான் படும். அதன் மேல் மூங்கிலைப் பிளந்து, கீரியின் மூக்கும் பாம்பின் தலையும் நுழையாதபடி நெருக்கிப் பின்னினாள். கூரைக்குப் பழையபடி பலகையும் களிமண்ணும் வைத்தாள். தாவினால் எட்டுகிற தூரத்தில் ஒரு கிளையையும் விட்டுவைக்கவில்லை. பட்டியின் மேல் போட வலை வேண்டியிருந்தது. நல்லான் கற்றாழை நாரைத் திரித்துக் கொடுக்க, அவள் வலை பின்னிக் கட்டினாள். சுற்றிலும் இலந்தை முள்ளை அடைத்தாள்.

கதவுக்குத்தான் நிறைய யோசித்தாள். கனத்த பலகைக் கதவு. உள்பக்கம் ஒரு குறுக்குக்கட்டை. கதவில் கை நுழைகிற அளவுக்கு ஒரு துளை. துளையில் கையை விட்டுக் கட்டையை இழுத்தால், மேலிருந்து ஓர் ஆப்பு இறங்கிக் கட்டையை இறுக்கிக்கொள்ளும். எவ்வளவு பலமாக இழுக்கிறோமோ அவ்வளவு பலமாக இறுக்கும். முதலில் கட்டையை உள்ளே தள்ள வேண்டும். அப்போது ஆப்பு தளரும். அதைக் கட்டைவிரலால் மேலே தூக்கிக்கொண்டு, அதற்கப்புறம்தான் இழுக்க வேண்டும். இது பாவாயிக்கும் நல்லானுக்கும் மட்டுமே தெரியும்.

அதன் பிறகு நரி வந்தது, கல்லைப் பிறாண்டிவிட்டுப் போனது. மரநாய் வந்தது, கூரையைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. பருந்து வந்தது, வலைக்கு மேலே வட்டமிட்டுவிட்டுப் போனது. காலையில் பிறாண்டிய தடங்களைப் பார்த்தால் பாவாயிக்குச் சிரிப்பு வரும். அவள் சிரித்து ஊர் பார்த்தது அந்த நாட்களில்தான்.

அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தாள். அவளுடைய கருஞ்சேவலைக் காணோம். அடைக்கு உட்கார்ந்திருந்த பெட்டையைக் காணோம். முட்டைகள் மட்டும் சில்லிட்டுக் கிடந்தன.

பாவாயிக்குக் கண் இருண்டது. யோசிக்கவில்லை. தலைமயிரை முடியக்கூட இல்லை. நேராக ஊருக்குள் ஓடினாள்.

ஊரிலும் அதே அழுகை. ஒரு வீட்டில் இளம் விடைக்கோழியைக் காணோம், இன்னொரு வீட்டில் பொங்கலுக்கு வளர்த்த சேவலைக் காணோம். சாவடிக்கு முன்னால் கூட்டம் கூடியது. ஊர்த்தலைவர் பெரியதம்பி வந்து உட்கார்ந்தார். எல்லோருக்கும் முன்னால் பாவாயி நின்றாள்.

"இனி என்னங்க செய்யறது?" என்று கத்தினாள். "கல்லைப் புதைச்சேன். வலையைப் போட்டேன். கை தேயத் தேயக் கட்டினேன். அதுக்கும் மேல நரி வந்து எடுத்துட்டுப் போகுதுன்னா, நாங்க எதுக்கு இருக்கோம்?"

வீரணன் தடியை ஊன்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "நான் எத்தனை தரம் சொன்னேன். காடு இருக்கிற வரைக்கும் இப்படித்தான்."

"அப்படின்னா காட்டைக் கொளுத்துங்க" என்றாள் பாவாயி.

அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததும் கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. கொளுத்துங்க, கொளுத்துங்க என்று எல்லோரும் சொன்னார்கள். பெரியதம்பி தாடியைத் தடவினார். காடு மேற்கே இருந்தது. மேற்கிலிருந்து மேல்காற்று வீசும்போது நெருப்பு வைத்தால் ஊரும் சேர்ந்து எரியும். காற்று திரும்பிக் கிழக்கிலிருந்து கீழ்க்காற்று வீசுகிற நாளில் நெருப்பு வைப்பது என்று முடிவாயிற்று.

"வெந்த நிலத்தைச் சும்மா போட்டா மறுபடியும் புதர் மண்டும், மறுபடியும் நரி வரும்" என்றான் வீரணன். "ஊருக்குச் சம்மதம்னா எங்கிட்ட விடுங்க. நான் உழுது பார்த்துக்கறேன். எனக்கு அதில் என்ன இருக்கு, ஊருக்காகத்தான்."

ஊர் தலையாட்டியது. எல்லோரையும் விட வேகமாகத் தலையாட்டியவள் பாவாயி.

வீட்டுக்குப் போய் நல்லானிடம் சொன்னாள். அவன் பாய் முடைந்துகொண்டிருந்தான். கை நின்றது.

"காட்டையா?" என்றான்.

"ஆமா. குடிசையை ஊருக்குள்ள மாத்திக்கலாம்."

நல்லான் எழுந்தான். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவன் முகம் சிவந்தது. "தேன் எங்கே இருந்து வரும்? ஓலை எங்கே இருந்து வரும்? ஊருக்குக் குடிதண்ணி வர்ற ஊத்து எங்கே இருக்கு, தெரியுமில்ல? இரண்டு கோழிக்கா? அப்ப என்னையும் உள்ள வச்சுக் கொளுத்துங்க" என்றான். முடைந்த பாயைத் தூக்கி எறிந்துவிட்டுக் காட்டுக்குள் போய்விட்டான்.

பாவாயி திட்ட வாயைத் திறந்தாள். பிறகு அவன் எறிந்த பாயை எடுத்துச் சுருட்டி வைத்தாள்.

பொழுது சாயும் நேரம், கோழிகள் கூண்டுக்குள் அடைந்தன. பாவாயி கதவைச் சாத்தினாள். கட்டை நகர்ந்தது, ஆப்பு இறங்கியது. துளையிலிருந்து கையை எடுக்கப் போனவள் எடுக்காமல் நின்றாள்.

இன்று காலையும் இந்த ஆப்பு இப்படித்தான் இறங்கியிருந்தது. கதவு மூடியே இருந்தது. திறந்தது நானல்லவா என்று நினைத்தாள்.

அவள் மெல்லக் கூண்டைச் சுற்றி நடந்தாள். கல் கல்லாகவே இருந்தது. மூங்கிலில் ஒரு பிளாச்சு விலகவில்லை. கூரைக் களிமண்ணில் ஒரு கீறல் இல்லை. அப்படியானால் கதவு வழியாகத்தான் போயிருக்க வேண்டும். நரி கதவைத் திறந்தது என்றே வைத்துக்கொள்வோம். திறந்த கதவை எந்த நரி மூடிவிட்டுப் போகும்?

பழைய கூண்டாக இருந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. ஆயிரம் ஓட்டை இருக்கிற வேலியில் ஆயிரம் பேர் மேல் பழி போடலாம். இதில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்த வழிக்கு விரல் வேண்டும்.

அப்போது வந்த கோபம் அவள் இதுவரை அறியாத கோபம். கத்தத் தோன்றவில்லை. நடுக்கம் இல்லை. பாறைக்கடியில் கிடக்கிற தண்ணீர் போல் அது ஜில்லென்று இருந்தது. ஊர் உறங்கும்போது விழித்துத் திரிபவன் யார்? காடு, காடு என்று மூன்று தரம் வந்து சொன்னவன் யார்? வெந்த நிலம் யார் கைக்குப் போகிறது? அவளுக்கு ஒரு முகம் தெரிந்தது. ஆனால் அவன் ஊருக்கே காவல்காரன். இவள் எதற்கெடுத்தாலும் கத்துகிறவள். வெறும் வாய்ச்சொல்லாகச் சொன்னால் யார் நம்புவார்கள்?

நல்லான் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். "கொளுத்தச் சொன்னது என் வாய்தான். அணைக்கிறதும் நானே செய்யறேன்" என்றாள். பிறகு வாயைத் திறக்கவில்லை. காற்றுக்காகக் காத்திருந்தாள்.

காற்று திரும்பியது. காலையில் இலைகள் மேற்கு நோக்கிச் சாய்ந்தன. ஊரே பந்தங்களோடு புறப்பட்டுக் காட்டோரம் வந்தது. முன்னால் வீரணன். வழியை மறித்துக்கொண்டு, கூண்டுக்கு முன்னால் பாவாயி நின்றாள். பக்கத்தில் நல்லான்.

"தலைவரே, ஒரு சந்தேகம்" என்றாள் பாவாயி. "நரி எந்த வழியா வந்ததுன்னு யாராவது காட்டிட்டா, முதல் பந்தத்தை நானே வைக்கிறேன்."

கூட்டம் முணுமுணுத்தது. ஆனாலும் பெரியதம்பி நியாயம் பார்க்கிறவர். "பாருங்கப்பா" என்றார்.

கீழே பார்த்தார்கள். கடப்பாரையால் குத்தினார்கள், கல்லில் பட்டு நெருப்புப் பறந்தது. மேலே பார்த்தார்கள். ஓர் ஆள் கூரையில் ஏறிக் குதித்துப் பார்த்தான், அசையவில்லை. பக்கத்தில் பார்த்தார்கள். பின்னலில் சுண்டுவிரல் நுழையவில்லை.

"மிச்சம் கதவுதான்" என்றாள் பாவாயி. "அன்னிக்குக் காலையில அது மூடியிருந்தது."

"நீ இருந்த கோபத்தில் உனக்கு என்ன ஞாபகம் இருந்திருக்கும்?" என்றான் வீரணன். சிலர் சிரித்தார்கள். "நரி தந்திரமான பிராணி. கதவைத் தள்ளித் திறந்திருக்கும். அது போன பிறகு கதவு தானே சாத்திக்கிட்டிருக்கும்."

பாவாயியின் நாக்கின் நுனியில் நூறு வசவு வந்து நின்றது. அத்தனையையும் விழுங்கினாள். "இருக்கும் அண்ணே. திறந்துதான் பாருங்களேன் யாராவது. நரியால முடிஞ்சது ஆளால முடியாதா?"

பெரியதம்பி துளையில் கையை விட்டு இழுத்தார். கட்டை இறுகிக்கொண்டது. ஊர்க் கொல்லன் வந்தான், இரும்பை வளைக்கிற கை. முக்கி முக்கி இழுத்தான். ஆப்பு இன்னும் இறுகியது. மாடு பிடிக்கிற முரட்டு ஆள் ஒருவன் வந்து காலைக் கதவில் ஊன்றி இழுத்தான். பின்னால் விழுந்தான்.

பாவாயி வீரணனைப் பார்த்தாள். "இத்தனை பேருக்கும் முடியல. நரிக்கு முடிஞ்சதுன்னு நீங்க ஒருத்தர்தான் சொல்றீங்க. ஊருக்கு முன்னால பொய் சொன்ன மாதிரி ஆயிடுச்சே அண்ணே."

வீரணனின் கழுத்து நரம்பு புடைத்தது. தன்னை ஒரு பெண்பிள்ளை, அதுவும் ஊர் கூடியிருக்கும்போது, பொய்யன் என்பதா? தடியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்தான். "நகருங்கப்பா. நரி மூக்கை விட்டா எப்படிப் போகும்னு காட்டறேன்" என்றான்.

துளையில் கையை விட்டான். உள்ளே தள்ளினான். கட்டைவிரலைத் தூக்கினான். இழுத்தான். கதவு பொசுக்கென்று திறந்தது. கோழிகள் கொக்கரித்துக்கொண்டு அவன் காலுக்கிடையில் பட்டிக்கு ஓடின.

"பார்த்தீங்களா, இவ்வளவுதான்" என்று சொல்லிக்கொண்டே திரும்பினான்.

யாரும் கதவைப் பார்க்கவில்லை, எல்லோரும் அவன் கையைப் பார்த்தார்கள். வீரணனும் தன் கையைப் பார்த்தான். ஊரில் அந்த விஷயம் கடைசியாகப் புரிந்தது அவனுக்குத்தான்.

"இந்தக் கதவைத் திறக்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும் தலைவரே" என்றாள் பாவாயி. "ஒண்ணு நான். ஒண்ணு இவர். வேற யாருக்கும் நாங்க காட்டினதில்ல. மூணாவது ஆள் மரத்துமேல ஒளிஞ்சு உட்கார்ந்து, என் கை தள்ளித் தூக்கி இழுக்கிற விதத்தைப் பார்த்துக் கத்துக்கிட்டிருக்கணும்."

பெரியதம்பி கேட்டார், வீரணன் மழுப்பினான். மறுபடி கேட்டார், நரி என்றான். மூன்றாம் முறை கேட்டபோது தலை குனிந்தான். ஊர்க்கோழிகளை எடுத்ததும் அவன்தான். முதலில் வந்ததெல்லாம் உண்மையான நரி, உண்மையான மரநாய், உண்மையான பருந்து. பாவாயி அதையெல்லாம் அடைத்துவிட்டபோது, எங்கே ஊரின் கோபம் ஆறிவிடுமோ, எங்கே காட்டு நிலம் கைநழுவுமோ என்று அவனுக்குப் பயம் வந்துவிட்டது. நரி விட்ட வேலையை அவன் எடுத்துக்கொண்டான்.

கூட்டம் கொதித்தது. "இவன் வீட்டைக் கொளுத்துங்கடா" என்று ஒரு குரல். பந்தங்கள் எல்லாம் ஊர்ப்பக்கம் திரும்பின.

"கீழே போடுங்க அதை" என்றாள் பாவாயி. அந்தக் குரலில் ஆட்கள் நின்றுவிட்டார்கள். "அன்னிக்கு நான் கத்தினேன், நீங்களும் கத்தினீங்க. யாரைக் கொளுத்தறோம்னு யோசிச்சோமா? இன்னிக்கு அவன் வீட்டில் வச்சா அடுத்த கூரை யாருது? எனக்கு உங்க எல்லாரையும் விடக் கோபம் இருக்கு. அடைகாத்த முட்டையெல்லாம் செத்துப்போச்சு. ஆனா இந்தக் கோபத்துக்கு நான் வேற வேலை வச்சிருக்கேன்."

அவள் கேட்ட தண்டனையைத் தலைவர் கொடுத்தார். வீரணனின் காவல் பறிபோனது. கோழி பறிகொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும், முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டி, கல் இறக்கி, மூங்கில் பின்னி, அவன் தன் கையாலேயே கூண்டு கட்டித் தர வேண்டும். சரியாகக் கட்டுகிறானா என்று பாவாயி பார்க்க வேண்டும்.

காடு நின்றது. நல்லான் தேனுக்குப் போனான். வீரணன் வீடு வீடாகத் தோண்டினான். அவன் கை கொப்பளித்தது, கொப்புளம் உடைந்தது, உடைந்த இடம் காய்த்தது. பாவாயி ஒவ்வொரு குழியிலும் தன் முழங்கையை விட்டு அளந்தாள்.

கடைசி வீட்டுக் குழியில் நின்றுகொண்டு அவன் வியர்வையைத் துடைத்தான். "உன் கோபம் எப்பத்தான் தங்கச்சி தீரும்?" என்றான்.

பாவாயி குனிந்து கையை விட்டுப் பார்த்தாள். "ஆழம் பத்தல. தோண்டுங்க" என்றாள்.

அவன் தோண்டினான். அவள் அங்கேயே நின்றாள்.

இந்தக் கதை சொல்லும் நீதி இதுதான்: கோபம் வந்தால் நெருப்பைக் கையில் எடுக்கும் முன், அந்தக் கோபத்துக்கு விறகு எடுத்துக் கொடுப்பவன் யார் என்று பார்.